சாளை வாங்கினால் அன்றைக்கே சட்டியில் ஏற்றுங்கள்

வணக்கம் நேயர்களே. சத்தான சாப்பாடு பற்றிப் பேச வாருங்கள் என்று கூப்பிட்டதுமே எனக்குச் சாளைதான் நினைவுக்கு வந்தது. வெளியூரில் மத்தி என்பார்கள், எங்கள் குமரி மாவட்டக் கடற்கரையில் சாளை. விருந்தாளி வந்தால் நெய்மீன், அதாவது வஞ்சிரம் தேடி ஓடுகிறோம், சாளையை மட்டும் 'வீட்டுக்குத்தானே' என்று ஒதுக்கி வைக்கிறோம். ஒரு காலத்தில் தென்னைக்கு உரமாகக்கூடப் போட்ட மீன் என்பதால் வந்த இளக்காரம் அது. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

உடம்புக்கு நல்லது என்று மாத்திரையாக விற்கிறார்களே ஒமேகா 3, அது இந்த மீனின் கொழுப்பில் தாராளமாக இருக்கிறது. வைட்டமின் டி, பி12, அப்புறம் நல்ல புரதம். கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களைத் தின்று வளர்ந்து, இரண்டு மூன்று வருடத்தில் ஆயுள் முடிகிற சின்ன மீன், அதனால் சுறா மாதிரிப் பெரிய மீன்களில் சேருகிற அளவுக்குப் பாதரசம் இதில் சேருவதில்லை. வாரத்தில் இரண்டு நாள் மீன் சாப்பிடச் சொல்கிறார்கள் இல்லையா, அதில் ஒரு நாளைச் சாளைக்குக் கொடுங்கள். யூரிக் அமிலத் தொந்தரவு இருப்பவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து புரட்டாசி, ஐப்பசியில் வருகிற சாளை நல்ல கொழுப்போடு இருக்கும், நெய்ச்சாளை என்று தனியாகவே சொல்வோம். வெறும் தோசைக்கல்லில் போட்டாலே தன் எண்ணெயைத் தானே விட்டு வேகும். ஆனால் சீக்கிரம் கெடும் மீனும் இதுதான். கண் பளபளவென்று இருக்க வேண்டும், செவுளைத் தூக்கினால் சிவப்பாக இருக்க வேண்டும், வயிறு உடைந்திருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். ஒருமுறை காலையில் வாங்கியதை ஐஸ் இல்லாமல் சாயங்காலம் வரை வெளியே வைத்திருந்து குழம்பு வைத்தேன். சாப்பிட்ட அரை மணி நேரத்தில் முகமெல்லாம் சிவந்து, உதடு அரித்து, நெஞ்சு படபடத்துவிட்டது. கெடுகிற மீனில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகி இப்படிச் செய்யுமாம், உண்டாகிவிட்டால் எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாதாம், இது எனக்கு அதற்கப்புறம்தான் தெரிந்தது.

விரல் நீளம்கூட இல்லாத குஞ்சுச் சாளையை வாங்காதீர்கள். 2012இல் கேரளத்தில் ஏறக்குறைய 4 லட்சம் டன் கிடைத்த மீன், 2021இல் 3,500 டன்கூட இல்லை. கடல் மாறுவது ஒரு காரணம், அதற்கு மேல் குஞ்சையும் அள்ளினால் மிச்சம் எங்கே இருக்கும்? அங்கே 10 சென்டிமீட்டருக்குக் குறைந்ததைப் பிடிக்கவே தடை போட்டிருக்கிறார்கள்.

சரி, சமையலுக்கு வருவோம். நிறைய எண்ணெயில் பொரித்தால் மீனின் நல்ல கொழுப்பில் ஒரு பங்கு அந்த எண்ணெயோடு போய்விடும், அதனால் நான் அவியல்தான் வைப்பேன். கல்லுப்புப் போட்டு மண்சட்டியில் உரசிக் கழுவிய சாளை, தேங்காய், சின்ன வெங்காயம், சீரகம், மஞ்சள், பச்சை மிளகாய் சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்தது, நாலு துண்டு புளிப்பு மாங்காய், கறிவேப்பிலை, எல்லாவற்றையும் ஒன்றாகச் சட்டியில் போட்டுக் கொஞ்சம் தண்ணீர் தெளித்து மூடிவிட வேண்டியதுதான். கரண்டி போட்டுக் கிண்டினால் மீன் உடையும், துணியால் சட்டியைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றுங்கள். தண்ணீர் வற்றி ஓரத்தில் மீன் எண்ணெய் மினுங்கும்போது பச்சைத் தேங்காய் எண்ணெய் ஒரு கரண்டி ஊற்றி இறக்குங்கள். பக்கத்தில் அவித்த மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளிதான்) ஆவி பறக்க இருக்கட்டும். மீன் தீர்ந்த பிறகும் எங்கள் வீட்டில் யாரும் எழுந்திருப்பதில்லை, அடியில் ஒட்டிய மசாலாவைக் கிழங்கால் வழித்துச் சாப்பிட்ட பிறகுதான் சட்டி கழுவப் போகும்.