பெயர் எழுதிவிட்டு ஒட்டுங்கள்

(மலேசியாவின் பினாங்கு ஜார்ஜ்டவுனில் நினைவுப்பொருள் ஓவியக் கண்காட்சித் திறப்புவிழாவில் ஆற்றிய உரை)

அவைத்தலைவர் அவர்களே, காலையிலேயே பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் வந்து குத்துவிளக்கேற்றிய டத்தோ அவர்களே, வாடகை வாங்காமல் இந்த மண்டபத்தைத் தந்த கோயில் நிர்வாகத்தினரே, சனிக்கிழமை என்றும் பாராமல் மாணவர்களை அழைத்து வந்திருக்கும் தலைமையாசிரியைகளே, அடுப்படியில் நின்று நூற்றைம்பது பேருக்கு உப்புமா கிளறிய மகளிர் பிரிவினரே, சுவரில் தொங்கும் முப்பத்திரண்டு படைப்புகளுக்கும் சொந்தக்காரர்களான பெரியோர்களே, பிள்ளைகளே, உங்கள் அனைவருக்கும் வணக்கம். டத்தோ அவர்களுக்கு இன்னொரு நிகழ்ச்சி இருக்கிறது. இருந்தும் உரையைக் கேட்டுவிட்டுத்தான் போவேன் என்று அமர்ந்திருக்கிறார். அந்தப் பெருந்தன்மைக்குத் தனியாக ஒரு வணக்கம்.

‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்பது நம் பெரியவர்கள் வாக்கு. தூக்கி எறிகிற பொருளுக்கும் கணக்கு இருக்க வேண்டும் என்றார்கள். வெட்டி ஒட்டுகிற பொருளுக்குக் கணக்கு வேண்டாமா? இன்றைக்கு நான் பேச வந்தது இதைத்தான். மூன்று செய்திகள் சொல்கிறேன்: எதை எடுப்பது, எப்படி ஒட்டுவது, ஒட்டியதை எங்கே வைத்து ஊருக்குக் காட்டுவது.

கலப்பு ஊடகம் என்று புத்தகத்தில் எழுதுவார்கள். பிள்ளைகளிடம் ஒட்டுச்சித்திரம் என்றால் உடனே புரியும். 1912இல் பிக்காசோ ஒரு ஓவியத்தில் பிரம்பு நாற்காலிப் பின்னல் அச்சடித்த மெழுகுத் துணியை ஒட்டி, சுற்றிலும் கயிற்றையே சட்டமாக வைத்தார். ஓவியத்துக்குள் வீட்டுப்பொருள் நுழைந்த கதையை அங்கிருந்துதான் தொடங்குவார்கள். ஆனால் ரவிவர்மா அச்சகத்திலிருந்து வந்த லட்சுமி, சரஸ்வதி படங்களுக்கு நம் வீட்டுப் பெண்கள் ஜரிகையும் ஜிகினாவும் மணியும் வைத்துத் தைத்து, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார்களே, அதற்கு என்ன பெயர்? காகிதம், துணி, உலோகம், கண்ணாடி நான்கும் ஒரே சட்டத்துக்குள் இருந்தன. இந்தக் கலை நமக்குப் புதிதல்ல.

சரி, எதை எடுப்பது? நம் வீடுகளில் ஒரு பிஸ்கட் டின்னோ டிரங்குப் பெட்டியோ இருக்கும். திறந்தால் என்ன கிடைக்கும்? ரஜூலா கப்பல் பயணச்சீட்டு. 1926இல் கட்டிய கப்பல் அது, 1970களின் தொடக்கம் வரை தமிழ்நாட்டுக்கும் மலாயாவுக்கும் நடுவே நம்மவர்களைச் சுமந்தது. ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் வாழைமரம் அச்சிட்டு வந்த பத்து வெள்ளி நோட்டு. அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குப் பத்திரம். ரப்பர் தோட்டங்கள் துண்டுதுண்டாக விற்கப்பட்ட காலத்தில் பால்மரம் வெட்டியவர்கள், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பாலெடுத்தவர்கள், பத்து பத்து வெள்ளியாகக் கட்டிச் சேர்த்த பங்கு. தேய்ந்து பாதியான வெட்டுக் கத்தி, ஒட்டுப்பால் கறை போகாத, ரப்பர் பால் பிடிக்கும் மங்கு, சிவப்பு அடையாள அட்டை, ஒரு முகூர்த்தப் புடவையின் முந்தானை. எல்லாவற்றுக்கும் கீழே, மூலை மடிந்த கறுப்பு வெள்ளைப் படங்கள் கிடக்கும். யார், எந்த ஊர், எந்த வருடம் என்று பின்னால் ஒன்றும் எழுதியிருக்காது.

இங்கேதான் கூலிம் பக்கத்தில் ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அவர்கள் அனுமதியோடுதான் சொல்கிறேன்.

பாட்டிக்கு எண்பதாவது பிறந்தநாள். பேரப்பிள்ளைகள் ஏழு பேர். கடையில் வாங்கித் தருவதைவிட நாமே ஒன்று செய்து தருவோம் என்று முடிவு செய்தார்கள். நல்ல எண்ணம். பாட்டியின் டின்னைத் தெரியாமல் எடுத்து, அதிலிருந்த தோட்டத்துத் திருவிழாப் படத்தைக் கண்டுபிடித்தார்கள். கோயில் முன்னால் ஒரு கூட்டம் நிற்கிறது. இரண்டாவது வரிசையில் பாட்டி, பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பெண்ணாக. கத்தரிக்கோலை எடுத்து பாட்டியை மட்டும் ஓரம் பிசிறாமல் வெட்டினார்கள். தங்க நிறக் காகிதத்தில் வெள்ளைப் பசை தடவி ஒட்டினார்கள். சுற்றிலும் ஜிகினா, பிளாஸ்டிக் மல்லிகை, பேட்டரி விளக்கு. மிச்சப் படம் குப்பைக்குப் போனது.

மண்டபத்தில் கேக் வெட்டும் நேரம். பாட்டி கையில் கொடுத்தார்கள். எல்லாரும் கைதட்டினார்கள். பாட்டி கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தன் முகத்தைப் பார்க்கவில்லை. தோள்பட்டை ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். அந்தத் தோளில் நான்கு விரல்கள் இருந்தன. பக்கத்தில் நின்றவர் கைபோட்டிருக்கிறார். கத்தரிக்கோல் மணிக்கட்டோடு வெட்டிவிட்டது.

“அக்கா எங்கடா?” என்றார் பாட்டி.

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. “இது எங்கக்கா கைடா. அம்மா போனப்புறம் அவதான் எனக்குச் சோறு போட்டா. எனக்குப் பதினாலு வயசுல பிரசவத்துல போயிட்டா. அவளுக்கு வேற படமே கெடையாது.”

மூத்த பேரன் காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினான். குப்பை லாரி காலையிலேயே வந்து போய்விட்டது. வெறுங்கையோடு வந்து வாசலில் நின்றான். உள்ளே வரவில்லை.

அப்போது கடைசிப் பேத்தி, பன்னிரண்டு வயது, பள்ளிப் பையிலிருந்து பயிற்சிப் புத்தகத்தையும் பென்சிலையும் எடுத்துப் பாட்டி காலடியில் உட்கார்ந்தாள். “பாட்டி, அக்கா எந்தப் பக்கம் நின்னாங்க? அவங்களுக்கு அந்தப் பக்கம் யாரு?” தலைக்கு ஒரு வட்டம். வட்டத்துக்குள் பெயர். முதல் வரிசையில் கங்காணி வீட்டார், ஓரத்தில் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக்கொட்டகைக் கிழவி, பூசாரி, அவர் மடியில் ஒரு பிள்ளை. இரவு எட்டு மணிக்குத் தொடங்கியது பதினொன்றரை வரை போனது. கேக்கை யாரும் வெட்டவில்லை. இருபத்து மூன்று வட்டங்கள் வந்தன. பத்தொன்பதுக்குப் பெயர் கிடைத்தது.

இன்று அந்த வீட்டுச் சுவரில் அதுதான் தொங்குகிறது. தங்கக் காகிதமும் விளக்கும் போய்விட்டன. நடுவில் பாட்டி, தோளில் நான்கு விரல்கள், சுற்றிலும் மெல்லிய காகிதத்தில் பென்சில் வட்டங்கள். நான்கு வட்டம் காலி. பழைய தோட்டத்து ஆள் யார் வீட்டுக்கு வந்தாலும் காபி கொடுத்து அதன் முன்னால் நிறுத்திவிடுகிறார்கள். இப்போது காலி வட்டம் மூன்று.

ஏக்கமும் நம்பிக்கையும் என்று இந்தக் கண்காட்சிக்குத் தலைப்பு வைத்திருக்கிறீர்கள். ஏக்கம் அந்த நான்கு விரலில் இருக்கிறது. நம்பிக்கை அந்த மூன்று காலி வட்டத்தில் இருக்கிறது. இதைவிட எனக்கு விளக்கத் தெரியவில்லை.

ஆகவே முதல் விதி: மூலத்தை வெட்டாதீர்கள், ஒட்டாதீர்கள். நகலில் வேலை செய்யுங்கள். பெரிய கலைஞர்களும் இதைத்தான் செய்தார்கள். நியூயார்க்கில் மரப்பெட்டிகளுக்குள் சிறு பொருள்களை அடுக்கிக் கலை படைத்த ஜோசஃப் கார்னெல், தனக்குப் பிடித்த பழைய ஓவியங்களின் நகல்களைத்தான் ஒட்டினார். நம் நாட்டில் குவாந்தானில் பிறந்த ரெட்ஸா பியாடாசா, 1980களில் மலேசிய மக்களின் பழைய ஸ்டூடியோப் படங்களைப் பட்டுத்திரை அச்சாக்கி அதன்மேல் வண்ணம் சேர்த்தார். திரையில் அச்சாகும்போதே அது நகல்தான்.

நகலெடுக்க ஸ்கேனரில் 600 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி, வையுங்கள். உள்ளங்கையைவிடச் சிறிய படமானால் 1200. தரம் குறையாத டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். பின்பக்கத்தையும் எடுக்க மறக்காதீர்கள். ஸ்டூடியோ முத்திரை அங்கேதான் இருக்கும். நகலை லேசர் அச்சில் எடுங்கள். சாதாரண இங்க்ஜெட் மை, பசை பட்டதும் பரவிவிடும்.

துணியிலோ பலகையிலோ படத்தை இறக்க வேண்டுமானால், லேசர் நகலை இடவலம் மாற்றி அச்சடித்து, பலகையில் அக்ரிலிக் ஜெல் மீடியம் என்னும் கெட்டியான ஓவியப் பசையைச் சீராகத் தடவி, படத்தை முகங்குப்புற வைத்து, காற்றுக் குமிழி இல்லாமல் அழுத்துங்கள். புத்தகத்தில் ஒரு நாள் காயவிடு என்பார்கள். பினாங்கு ஈரத்துக்கு இரண்டு நாள் விடுங்கள். பிறகு நீர் தெளித்து, விரல் நுனியால் வட்டமாகத் தேய்த்தால் காகிதம் திரிதிரியாக உரிந்து வரும், மை நின்றுவிடும். அவசரப்பட்டு ஈரத்தோடு உரித்தால் முகமே உரிந்து வரும். காய்ந்தபின் வெள்ளையாகப் புகை படர்ந்தது போலிருக்கும். மீடியத்தை மெல்லியதாக ஒரு பூச்சுப் பூசினால் தெளிந்துவிடும். இடவலம் மாற்ற மறந்தால் கோயில் பெயர்ப்பலகை இடவலம் மாறிய தமிழில் நிற்கும். இரண்டாவது அறையில் ஒரு படைப்பில் அப்படி ஆகியிருக்கிறது. பிள்ளை வருத்தப்பட வேண்டாம், எல்லாருக்கும் முதல் தடவை அதுதான்.

பசைக்கு வருவோம். நகல் போதாமல் மூலக் கடிதத்தையோ பத்திரத்தையோ தாங்கிப் பிடித்தே ஆக வேண்டிய இடத்தில் வெள்ளைப் பசை வேண்டாம். காய்ந்தபின் தண்ணீருக்கு அசையாது. ரப்பர் பசை இன்னும் மோசம்: பழுத்து மஞ்சளாகி, காகிதத்தில் இறங்கிவிடும். மைதாப் பசையும் வேண்டாம். அதிலுள்ள பசைச்சத்து மஞ்சளிக்கும், இராமபாணப் பூச்சிக்கு விருந்தாகும். சீனர்கள் இறால் கொழுக்கட்டைக்கு வாங்கும் கோதுமை ஸ்டார்ச் மளிகைக் கடையிலேயே கிடைக்கிறது. ஒரு பங்கு ஸ்டார்ச், ஐந்து பங்கு தண்ணீர். அரைமணி ஊறவைத்து, சிறுதீயில் கைவிடாமல் இருபது இருபத்தைந்து நிமிடம் கிளறுங்கள். வெண்மை மாறிக் கண்ணாடிபோல் ஆனதும் இறக்கி, ஆறவைத்து, மெல்லிய சல்லடையில் வடிகட்டுங்கள். குளிர்பெட்டியில் ஐந்தாறு நாள் தாங்கும். வெளியே வைத்தால் மறுநாளே புளித்துவிடும்.

தடவியவுடன் ஒட்டக்கூடாது. காகிதம் பசையின் ஈரத்தைக் குடித்து விரியும். இரண்டு மூன்று நிமிடம் விரியவிட்டு ஒட்டினால் காயும்போது இறுகிச் சமமாகும். உடனே ஒட்டினால் பலகைமேல் போய் விரிந்து சுருக்கம் விழும். பலகையின் பின்பக்கமும் ஒரு காகிதம் ஒட்டுங்கள், இல்லாவிட்டால் பலகை ஒரு பக்கமாக வளைந்துகொள்ளும். புடவைத் துணியை ஒட்டவே ஒட்டாதீர்கள்: பருத்தி நூலால் பருத்தித் துணிமேல் இழையோடுங்கள். ஸ்டேப்பிள் ஊசி வேண்டாம், இந்தக் கடற்காற்றில் அது துருப்பிடித்துத் துணியில் ஓட்டை போடும். கத்தி, மங்கு போன்ற கனமான பொருள்களைப் பலகையில் துளைபோட்டுக் கம்பியால் கட்டுங்கள்.

சட்டம் போடும்போது கண்ணாடிக்கும் படைப்புக்கும் நடுவில் குறைந்தது ஐந்து மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். புகைப்படத்தின் மேல்பூச்சு ஜெலட்டின். ஈரத்தில் இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிரிக்கப்போனால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். பின்பக்கம் கீழ்மூலைகளில் கார்க் துண்டு வைத்தால் சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே காற்று ஓடும், பூஞ்சணம் பிடிக்காது. இன்னொன்று: படக்கட்டுகளுக்கு ரப்பர் வளையம் போடாதீர்கள். பதப்படுத்திய ரப்பரில் உள்ள கந்தகம் படத்திலுள்ள வெள்ளி உலோகத்தைக் கறுக்க வைத்துவிடும். பால்மரம் வெட்டியே வாழ்ந்தவர்களின் முகத்தை அந்த ரப்பரே அழிக்க வேண்டாம்.

இனி எங்கே காட்டுவது என்ற மூன்றாவது செய்திக்கு வர வேண்டும். அதற்கு முன்னால் ஒன்று. ஜார்ஜ்டவுன் 2008இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. நமக்கெல்லாம் பெருமை. கடைவீடுகளுக்குப் பட்டியல் இருக்கிறது. குயீன் தெரு மாரியம்மன் கோயிலுக்கு 1833 என்று ஆண்டு இருக்கிறது. அந்தக் கோயில் திருவிழாவில் எடுத்த படத்தில் நிற்பவர்களுக்குப் பட்டியல் எங்கே? ஒவ்வொரு முறை ஒரு முதியவர் கண்மூடும்போதும், ஒரு டின்னிலுள்ள படங்கள் அத்தனையும் பெயரில்லாத படங்களாகிவிடுகின்றன. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றவர்களின் பிள்ளைகள் நாம். அளக்காமலே போட்டுக்கொண்டிருக்கிறோம்.

என் கோரிக்கை இதுதான். டத்தோ அவர்கள் இருக்கும்போதே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியிலும், ஒவ்வொரு கோயில் மண்டபத்திலும் ஆண்டுக்கு ஒரு நாள், பெயர் எழுதும் நாள். செலவு அதிகமில்லை. ஒரு ஸ்கேனர், ஒரு மேசை, நான்கு நாற்காலி, ஒரு பெட்டி பென்சில். தாத்தா பாட்டி டின்னைக் கொண்டு வரட்டும், பேரன் பேத்தி எழுதட்டும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப்பந்தல் போட இத்தனை கை கூடுகிறதே, இதற்குக் கூடாதா? ஓவியப் பாடம் நடத்தும் ஆசிரியர்களே, பிள்ளை கையில் கத்தரிக்கோலைக் கொடுப்பதற்கு முன் பென்சிலைக் கொடுங்கள். பெயர் எழுதாத படத்துக்கு மதிப்பெண் இல்லை என்று சொல்லுங்கள். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு: வகுப்புப் பலகையில் எழுதி வையுங்கள்.

எழுதும் முறையையும் சொல்லிவிடுகிறேன். படத்தைக் கண்ணாடிப் பலகைமேல் குப்புற வைத்து, பின்பக்க ஓரத்தில், 2பி அல்லது 4பி பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். பந்துமுனைப் பேனா முன்பக்கம் தழும்பாகத் தெரியும், மையும் அடுத்த படத்தில் ஒட்டும். 1970களுக்குப் பிந்தைய வண்ணப்படங்களின் பின்பக்கம் பிளாஸ்டிக் போல வழுக்கும், பென்சில் பிடிக்காது. அவற்றைக் காகித உறையில் போடுங்கள். ஆனால் உறையில் முதலில் எழுதிவிட்டுப் பிறகு படத்தை நுழையுங்கள். இடமிருந்து வலமாகப் பெயர், தோட்டம், ஆண்டு. ஆண்டு தெரியாவிட்டால் ‘அண்ணன் பிறந்த வருடம்’ என்று எழுதினாலும் போதும். பட்டப்பெயர்தான் தெரியுமென்றால் பட்டப்பெயரை எழுதுங்கள்.

அவைத்தலைவர் மணியைப் பார்க்கிறார். மூன்றாவது செய்தியை நிறைவு விழாவில் பேச வாய்ப்புத் தரும்படி அவரைக் கேட்டுக்கொள்கிறேன். மண்டபத்தின் பின்பக்கம், காலணி வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் மேசை போட்டிருக்கிறோம். ஸ்கேனர் இரண்டு இருக்கிறது, பென்சில் சீவி வைத்திருக்கிறது, மாலை ஆறு வரை மாணவர்கள் அங்கே இருப்பார்கள். கைப்பையில் படம் வைத்திருப்பவர்கள் சாப்பிடப் போவதற்கு முன் அங்கே வந்துவிட்டுப் போங்கள். வணக்கம்.