ஒரே ஓர் எழுத்து

வணக்கம். ஸ்பானிய மொழியில் 'எல்லாரும்' என்பதற்கு 'தோதோஸ்' என்பார்கள். பெண்கள் மட்டும் என்றால் 'தோதாஸ்'. நூறு பெண்கள் இருக்கிற அறைக்குள் ஓர் ஆண் நுழைந்தாலும் போதும், இலக்கணம் மறுபடி 'தோதோஸ்' ஆகிவிடும்.

இதைப் பிடிக்காதவர்கள் முதலில் எழுத்தில் மாற்றிப் பார்த்தார்கள். ஆண், பெண் காட்டும் எழுத்தை எடுத்துவிட்டு அங்கே 'எக்ஸ்' போட்டார்கள். மின்னஞ்சல் முகவரியில் வருமே, அந்தச் சுழிக் குறியையும் போட்டார்கள். இணையத்துக்கும் சுவரொட்டிக்கும் அது சரி. வாயால் எப்படிச் சொல்வது? இந்த மைக் முன்னால் என்னைப் படிக்கச் சொன்னால் திண்டாடிப் போவேன். 'எ' போட்டு 'தோதெஸ்' என்றால் சிக்கல் இல்லை. ஊர்வலத்தில் கோஷமாகவே போடலாம்.

அர்ஜென்டினாவில் அந்த 'எ' வீடுவீடாகப் போய்ச் சேர்ந்தது 2018 ஜூனில். கருக்கலைப்பைச் சட்டபூர்வமாக்கும் மசோதா கீழவையில் வாக்கெடுப்புக்கு வந்திருந்தது. தெருவெல்லாம் பச்சைக் கைக்குட்டை. எதிர்த்தவர்கள் வெளிர்நீலக் கைக்குட்டை கட்டினார்கள். புவனோஸ் ஐரிஸில் மாணவர்கள் பள்ளிகளுக்குள்ளேயே உட்கார்ந்து போராடினார்கள். தொலைக்காட்சியில் பேசிய ஒரு மாணவி, இன்னும் முடிவெடுக்காத உறுப்பினர்களைப் பற்றிச் சொல்லும்போது 'திபுதாதோஸ்' என்னாமல் 'திபுதாதெஸ்' என்றாள். அந்தக் காட்சி இணையத்தில் பரவியது. அப்புறம் என்ன, மொழியைக் கெடுக்கிறார்கள் என்று ஒரு பக்கம், மொழி வளர்கிறது என்று இன்னொரு பக்கம்.

அவள் என்ன சொல்ல வந்தாள் என்பதை எத்தனை பேர் கேட்டார்கள்? மசோதா கீழவையில் 129க்கு 125 என்று தேறியது. நான்கே வாக்கு வித்தியாசம். முடிவெடுக்காதவர்களைப் பற்றி அவள் கவலைப்பட்டதில் நியாயம் இருந்தது. அந்த ஆகஸ்டில் மேலவை மசோதாவைத் தோற்கடித்தது. சட்டம் வர 2020 டிசம்பர் ஆனது.

நம்மிடம் 'ஒருவர்' இருக்கிறது. அது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது என்று தொல்காப்பியமே சொல்லிவிட்டது. பெருமைதான். ஆனால் அதிகாரி என்றால் 'அவர்', பாத்திரம் தேய்க்க வருகிறவர் என்றால் 'அவள்' என்றுதானே நம் வாயில் வருகிறது? பொதுச்சொல் கைவசம் இருந்தும் யாருக்கு அதைக் கொடுப்பது என்பதில் நாம் சிக்கனம்.

அர்ஜென்டினாவில் அந்த எழுத்து போகப்போகக் கட்சிக் கொடி மாதிரி ஆகிவிட்டது. ஒருவர் 'தோதெஸ்' என்றால், அவர் யாருக்கு ஓட்டுப் போடுவார் என்று கேட்கிறவரே முடிவு கட்டிவிடலாம். மீதிப் பேச்சு காதில் ஏறாது. 2021இல் அடையாள அட்டையில் ஆண், பெண் இரண்டும் அல்லாதவர்களுக்கு 'எக்ஸ்' என்று குறிக்க அரசு ஆணை வந்தது. 2022இல் புவனோஸ் ஐரிஸ் நகர அரசு வகுப்பறைகளில் இந்த எழுத்துகளுக்குத் தடை போட்டது. 2024 பிப்ரவரியில் அதிபர் மிலேயின் அரசு, மத்திய நிர்வாகம் முழுவதற்கும் தடையை அறிவித்தது. 'எ' கூடாது, 'எக்ஸ்' கூடாது, சுழிக் குறி கூடாது. கூடவே இன்னொன்று: தேவையில்லாத இடத்தில் பெண்பாலைச் சேர்ப்பதையும் தவிர்க்க வேண்டுமாம். புதிதாக வந்த எழுத்தைப் பிடிக்கவில்லை என்றால் புரிந்துகொள்ளலாம். 'தோதாஸ்' யாரும் புதிதாகக் கண்டுபிடித்த சொல் இல்லையே.