பாலக்காட்டுக் கணவாய்: மலை விட்ட வழி

[காட்சி: தென்னிந்திய வரைபடம். மேற்குக் கரையோரம் மலைத்தொடர் பச்சை நிறத்தில்.]

மேற்குத் தொடர்ச்சி மலை என்றதும் சிகரங்களைத்தான் பேசுவோம். தபதி ஆறு தொடங்கி கன்னியாகுமரி வரை சுமார் 1,600 கிலோமீட்டர் நீளும் இந்தத் தொடரில், நாம் போகப்போவது மலையே இல்லாத ஓர் இடத்துக்கு.

கோவைக்கு மேற்கே பாருங்கள். வடக்கே நீலகிரி, தொட்டபெட்டா 2,637 மீட்டர். தெற்கே ஆனைமலை; ஆனைமுடி 2,695 மீட்டர். நடுவில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் தொடர் அறுந்து கிடக்கிறது. பாலக்காடு நகரம் கடல் மட்டத்திலிருந்து 100 மீட்டர் உயரம்கூட இல்லை.

[காட்சி: பாரதப்புழா.]

பாரதப்புழா ஆறு அறுத்த வழி என்று தோன்றும். விஷயம் அதைவிட ரொம்பப் பழசு. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்டுவானா பெருங்கண்டம் ஒட்டிச் சேர்ந்தபோது, பூமிக்கு ஆழத்தில் பாறைகள் உரசி நகர்ந்து நைந்துபோன பட்டை இது. பிற்காலத்தில் மழைக்கும் ஆறுகளுக்கும் இந்தப் பட்டை எளிதில் இடம் கொடுத்துவிட்டது.

சரி, வழி திறந்தால் முதலில் நுழைவது யார்? காற்று! ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று மலையில் மோதி கேரளப் பக்கமே பெரும்பாலான மழையைக் கொட்டிவிடுகிறது. கணவாய்க்கு வரும் காற்றோ, தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் அழுத்தியது போல, இடுக்கில் வேகமெடுத்து கொங்குச் சமவெளியில் பாய்கிறது. உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகள் வரிசை கட்டி நிற்பது இதனால்தான். கோவையின் இதமான வெயிலுக்கும் இந்தக் காற்றுக்கே நன்றி சொல்ல வேண்டும்.

அப்புறம் வணிகர்கள். மேற்குக் கரையில் முசிறித் துறைமுகம், கிழக்கே சேரர்களின் கரூர்; இடையில் மலை ஏறாமல் போக இதுதான் வழி. நொய்யல் கரையில் உள்ள கொடுமணலை அகழ்ந்தபோது கல்மணி செய்த பட்டறைகள், இரும்பு உருக்கிய இடங்கள், தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்து கீறிய பானை ஓடுகள் கிடைத்தன. பதிற்றுப்பத்து சொல்லும் 'கொடுமணம்' இந்த ஊர்தான் என்பது ஆய்வாளர்கள் கருத்து. கோவை வெள்ளலூரில் ரோமானிய வெள்ளிக் காசுகள் புதையலாகவே கிடைத்தன. ரோமானியக் காசு இவ்வளவு உள்நாட்டுக்கு எப்படி வந்தது என்று கேட்டால், வரைபடத்தில் இந்த இடைவெளியைக் காட்டினால் போதும்.

வணிகன் வரும் வழியில் படையும் வரும். 1766-இல் ஹைதர் அலி பாலக்காட்டில் கோட்டை கட்டியது வேடிக்கைக்கு அல்ல. மைசூரிலிருந்து மலபாருக்குப் படை நடத்த இந்த வழி கையில் இருக்க வேண்டும்.

[காட்சி: சிரிப்பான் பறவைகள்.]

மனிதருக்கு வசதியான இதே வெளி, குளிர்ந்த சோலைக்காட்டை விட்டு இறங்காத பறவைகளுக்குத் தடை. வடக்கே நீலகிரிச் சிரிப்பான், தெற்கே பழனிச் சிரிப்பான். இரண்டும் தனித்தனி இனங்கள்.

[காட்சி: வாளையாறு ரயில் பாதை.]

1862-லேயே சென்னையிலிருந்து வந்த ரயில் இந்த வழியாக மேற்குக் கரையைத் தொட்டுவிட்டது. பக்கத்தில் குன்னூருக்கு ஏற, பல்சக்கரத் தண்டவாளத்தோடு 1899 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் மதுக்கரைக்கும் வாளையாற்றுக்கும் இடையே பாதை யானைக் காட்டை ஒட்டிப் போகிறது. யானைகள் அடிபட்டுச் செத்திருக்கின்றன. 2024-இல் வனத்துறை மதுக்கரையில் செயற்கை நுண்ணறிவுக் கேமராக்களை நிறுவியது. யானை பாதையை நெருங்கினால் ரயில் ஓட்டுநருக்குத் தகவல் போகிறது.