பித்தளைக் குடத்துக்கு இன்னும் டீடெயில் வேணுமா?

பெங்களூர் அல்சூர்ல இருந்து ஒரு மேடம் ஆயில் பெயின்ட்ல ஒரு பித்தளைக் குடம் வரைஞ்சு போட்டோ அனுப்பியிருக்காங்க. "கழுத்துல இருக்குற பூவேலை வரைக்கும் போட்டாச்சு சார், ஆனா பித்தளை மாதிரியே இல்ல. இன்னும் என்ன சேர்க்கணும்?"னு கேக்குறாங்க.

ஒண்ணும் சேர்க்காதீங்க மேடம். போட்டதைத் திருத்தணும், அவ்வளவுதான். பூவேலை அழகா வந்திருக்கு, குடம்தான் கோணல். வாய் வட்டத்தைப் பாருங்க, ரெண்டு ஓரமும் கூரா முடியுது. எவ்வளவு ஒடுங்கினாலும் அந்த ஓரம் வளைஞ்சுதான் திரும்பும். அடி வளைவை வாயை விடத் தட்டையா போட்டிருக்கீங்க. கண் மட்டத்துல இருந்து கீழே இறங்க இறங்க அது இன்னும் உருண்டு வரணும். படத்தைக் கண்ணாடியில காட்டுங்க, சாய்வு உடனே தெரியும். அப்புறம் பிரஷ்ஷை நீட்டி, முழங்கையை மடக்காம, ஒரு கண்ணை மூடி, குடத்தோட அகலம் உயரத்துல எத்தனை தடவை அடங்குதுன்னு பாருங்க. படத்துலயும் அதே கணக்கு வரணும்.

பளபளப்பு வர்றது டோன்லதான், அதாவது எது எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு இருட்டுங்கிற அளவுல. கண்ணை இடுக்கிப் பார்த்தா நிழல் பக்கத்துப் பூவேலை முக்கால்வாசி காணாமப் போயிடும். நீங்க அது அங்க இருக்குன்னு தெரிஞ்சதால போட்டிருக்கீங்க, அதுக்காக நிழலையும் வெளுக்க விட்டிருக்கீங்க. வெளிச்சமும் நிழலும் சந்திக்கிற இடத்துல மட்டும் வேலைப்பாட்டை விட்டுட்டு, மத்தது மேல நிழல் நிறத்தைப் பூசி, அது ஈரமா இருக்கும்போதே காய்ஞ்ச மெத்துன்னு இருக்குற பிரஷ்ஷால கலைச்சு விடுங்க.

ஹைலைட், அதாவது பளிச்சுனு மின்னுற இடம், பத்துப் பன்னெண்டு இருக்கு. ஒண்ணுதான் ராஜா, அது ஜன்னலோட பிரதிபலிப்பு. மத்ததெல்லாம் ஒரு படி இறங்கணும். அதுவும் சுத்த வெள்ளை வேண்டாம், சாக்பீஸ் ஒட்டின மாதிரி இருக்கும். பித்தளை தன் நிறத்தை வெளிச்சத்துக்கும் ஏத்தும், அதனால வெள்ளையில துளி லெமன் எல்லோ. பக்கத்துலயே கருமை வெடுக்குனு வரணும், மெதுவா மங்கினா மண்பானை ஆயிடும். கருமைக்கு பர்ன்ட் அம்பர்ங்கிற பழுப்பும் அல்ட்ராமரைன்ங்கிற நீலமும் கலந்தா போதும். மஞ்சளோட கறுப்பைக் கலந்தா பச்சை அடிக்கும், உங்க படத்துல இடது பக்கம் அதான் நடந்திருக்கு.

இன்னொண்ணு, நம்ம பெங்களூர் ஜூலை வெளிச்சத்தை நம்பாதீங்க. மேகம் வந்து வந்து போகும். முதல் பதினஞ்சு நிமிஷத்துலயே நிழலோட உருவத்தைக் குறிச்சிட்டு, அதையே பிடிச்சுக்கோங்க.

திருத்துறதுக்கு முன்னாடி பெயின்ட் நல்லா காய்ஞ்சிருக்கணும். அங்கங்க மங்கிப் போன இடத்துல லின்சீட் ஆயிலை (ஆளி விதை எண்ணெய்) லேசாத் தேய்ச்சு, மிச்சத்தைத் துணியால ஒத்தி எடுத்திடுங்க. இல்லேன்னா மங்கின பழைய கருமைக்கு ஈடா புதுசைக் கலப்பீங்க, வார்னிஷ் அடிச்சதும் ரெண்டு கருமையும் ஒண்ணுக்கொண்ணு நிறம் சேராம நிக்கும்.