வீட்டு மின்சாரத்தில் வெப்பம் விழுங்கும் பங்கு

வணக்கம் நண்பர்களே. மின்சாரத்தைச் சேமிக்க வேண்டும் என்றதும் நம்மில் பலருக்கு விளக்கை அணைப்பதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. அது நல்ல பழக்கம்தான். ஆனால் 60 வாட் குண்டு பல்பின் இடத்துக்கு 9 வாட் எல்இடி வந்துவிட்ட பிறகு, விளக்கில் மிச்சம் பிடிக்க அதிகம் இல்லை. சூடாக்குவதும் குளிர்விப்பதும்தான் இன்று மின்சாரத்தை விழுங்குகின்றன.

இங்கே சுவரில் தெரிவது 15 லிட்டர் வாட்டர் ஹீட்டர். 25 டிகிரியில் இருக்கும் தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுபோக இதற்கு ஏறத்தாழ 0.6 யூனிட் வேண்டும். அதே 0.6 யூனிட்டில் 9 வாட் எல்இடி விளக்கு 66 மணி நேரம் எரியும். அந்த மின்சாரம் நிலக்கரியிலிருந்து வந்தது என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான அனல் மின் நிலையம், எரித்த நிலக்கரியின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கையோ அதைவிடச் சற்றுக் கூடுதலாகவோதான் மின்சாரமாக மாற்றுகிறது. மீதி, குளிர்விக்கும் நீரோடும் புகையோடும் போய்விடுகிறது. யூனிட்டுக்குச் சுமார் 1 கிலோ கார்பன் டை ஆக்சைடு காற்றில் கலக்கிறது. கந்தக டை ஆக்சைடு, பாதரசம், மலைபோல் குவியும் சாம்பல் எல்லாம் தனி. இவ்வளவு இழப்புக்குப் பிறகு கம்பி வழியே வந்து சேரும் மின்சாரத்தை நாம் மறுபடியும் வெப்பமாக்கி, மிஞ்சிய வெந்நீரைத் தொட்டியிலேயே ஆறவிடுகிறோம். எனக்குப் பெரிய வருத்தம் இதில்தான். குளிக்கப் போவதற்குச் சற்று முன்பு போட்டு, சூடு வந்ததும் அணைத்துவிடுங்கள். மாடியில் வெயில் நன்றாக விழுமானால், சூரிய வெப்பத்தில் இயங்கும் ஹீட்டரைப் பற்றி நிச்சயம் யோசியுங்கள்.

ஏசியின் வேலை, அறைக்குள் இருக்கும் வெப்பத்தை வெளியே தள்ளுவது. ஆகவே அந்த வெப்பத்தை உள்ளே நுழையவிடாமலிருப்பதுதான் முதல் சேமிப்பு. கண்ணாடிக்கு உட்புறம் தொங்கும் திரையைவிட, வெளிப்புறத்தில் வெயிலை மறைக்கும் தட்டி அதிகப் பயன் தரும். ஏனெனில் கண்ணாடியைத் தாண்டிய வெயில் திரையில் பட்டாலும் அறையைத்தான் சூடாக்கும். மின்விசிறியையும் ஓடவிட்டால், ஏசியை 26 டிகிரியில் வைத்தாலே உடம்புக்கு இதமாக இருக்கும். ஆனால் விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை, உடம்பின் வியர்வையைத்தான் உலர்த்துகிறது. ஆளில்லாத அறையில் அது சுழல்வது முழுக்க வீண். பழைய விசிறி 75 வாட் எடுக்கும் இடத்தில், புதுவகை மோட்டாரில் ஓடும் பிஎல்டிசி (BLDC) விசிறிக்கு 30 வாட் அளவே போதும்.

இப்போது கேமராவை ஃப்ரிட்ஜ் கதவுக்கு அருகில் கொண்டுபோகிறேன். ஓரத்தில் ஓடும் இந்த ரப்பர் பட்டையைக் கவனியுங்கள். ஒரு காகிதத் துண்டை இடையில் வைத்துக் கதவை மூடிவிட்டு இழுக்கிறேன். மேல்பக்கம் இறுக்கமாகப் பிடிக்கிறது. கீழ் மூலையில் தடையின்றி வந்துவிடுகிறது. குளிர் கசியும் இடம் இதுதான், இரவும் பகலும் கம்ப்ரஸர் ஈடுகட்டிக்கொண்டிருப்பதும் இந்தக் கசிவைத்தான். பட்டையில் அழுக்குப் படிந்திருந்தால் வெதுவெதுப்பான சோப்பு நீரால் துடைத்துவிட்டு மறுபடியும் இழுத்துப் பாருங்கள். அப்போதும் காகிதம் நிற்கவில்லை என்றால் பட்டையை மட்டும் மாற்றினால் போதும், ஃப்ரிட்ஜையே மாற்ற வேண்டியதில்லை.