ஐட்ஃபியோர்டு: அருவிக்கு ஒதுக்கிய தண்ணீர்

நேயர்களுக்கு வணக்கம். நார்வேயின் மேற்குக் கரையில் ஹார்டாங்கர் ஃபியோர்டு என்ற கடற்கழி சுமார் 180 கிலோமீட்டர் உள்நாட்டுக்குள் போகிறது. பனியாறுகள் குடைந்த பள்ளத்தாக்கில் கடல் ஏறி நின்றால் அது ஃபியோர்டு. அதன் உள்கோடியில் இருக்கும் சிறிய நகராட்சி ஐட்ஃபியோர்டு. மக்கள் ஏறக்குறைய ஆயிரம் பேர்தான். பரப்போ 1,490 சதுர கிலோமீட்டர் அளவுக்கு வரும். அதில் பெரும்பகுதி காட்டு ரெயின்டீர் மான்கள் மேயும் ஹார்டாங்கர்விட்டா பீடபூமியும் பனிமலையும்தான்.

அந்தப் பீடபூமியின் விளிம்பில் விழுகிறது வோரிங்ஸ்ஃபோசன் அருவி. 1821இல் வானியல் பேராசிரியர் கிறிஸ்டோபர் ஹான்ஸ்டீன் இந்த வழியாக வந்தார். மேலேயிருந்து கல்லை உருட்டிவிட்டு, அது கீழே போய்ச் சேரும் நேரத்தைக் கைக்கடிகாரம் இல்லாத அந்தக் காலத்தில் பைக்கடிகாரத்தில் பார்த்து, உயரம் 280 மீட்டர் என்று கணக்கிட்டார். உண்மையில் 182 மீட்டர்தான். ஆனால் அவர் எழுதியதற்கு அப்புறம்தான் வெளியூர்க்காரர்கள் அருவியைத் தேடி வரத் தொடங்கினார்கள். 2020இல் ஆற்றுக்கு மேலே ஒரு படிக்கட்டுப் பாலம் திறந்தார்கள். 99 படிகள். தண்ணீர் விளிம்பைத் தாண்டிப் பாதாளத்தில் இறங்குவதை அதில் நின்றே பார்க்கலாம்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது அந்தத் தண்ணீரைப் பற்றி. அருவிக்கு மேலே சீசென் என்ற அணை இருக்கிறது. அங்கே தேங்கும் நீர் சுரங்கம் வழியாக, மலைக்குள் குடைந்து கட்டிய சீமா மின்நிலையத்துக்குப் போகிறது. 1980இல் தொடங்கிய நிலையம் அது. எல்லா நீரையும் மின்சாரத்துக்கே திருப்பிவிட்டால் அருவி என்னாகும்? அதனால் கோடையில் வினாடிக்குக் குறைந்தது 12 கன மீட்டர், அதாவது 12,000 லிட்டர், அருவியில் விழ வேண்டும் என்று விதி வைத்தார்கள். அருவியின் அழகுக்கும் இவ்வளவு தண்ணீர் என்று கணக்கில் எழுதி வைத்திருக்கிறார்களே, அதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். மின்சாரமும் வேண்டும், அருவியும் வேண்டும் என்று கேட்பதில் தப்பே இல்லை. குளிர்காலத்தில் அந்தக் கட்டாயம் கிடையாது. அதனால் அருவியை நிறைவாகப் பார்க்க நினைப்பவர்கள் கோடையில் போவதுதான் சரி.

போனால் ஷேயோசனையும் விட்டுவிடாதீர்கள். சீமா பள்ளத்தாக்குக்கு மேலே, ஐந்நூறு மீட்டருக்கும் அதிக உயரத்தில், பாறை விளிம்பில் இருக்கும் மலைப்பண்ணை அது. ஒருகாலத்தில் கயிற்றையும் ஏணியையும் பிடித்துத்தான் ஏற முடியும். வீட்டு மரம் முதல் உப்பு வரை எல்லாமே முதுகுச் சுமை. மின்நிலைய வேலை நடந்த 1970களில்தான் சாலை வந்தது. அந்தச் சாலையின் சுரங்கம் ஒரு வண்டிக்கு மட்டுமே இடம் கொடுக்கும். ஒவ்வொரு மணி தொடங்கும்போதும் மேலே ஏறும் வண்டிகளுக்கு வழி, அரை மணிக்கு இறங்குபவர்களுக்கு. நேரம் தவறினால் சுரங்க வாயிலில் காத்திருக்க வேண்டியதுதான். மேலே போனதும் காரை நிறுத்திவிட்டு நடந்து போய், விளிம்பில் நின்று ஃபியோர்டைப் பாருங்கள்.