காதில் விழுந்த தமிழ்

நேயர்களுக்கு வணக்கம்.

அங்கன்வாடிப் பணியில் இருந்த காலத்தில் தாய்மார்கள் என்னிடம் அதிகம் கேட்ட கேள்வி, "டீச்சர், பிள்ளை எப்ப வாசிக்கத் தொடங்கும்?" என்பதுதான். "நீங்க எப்பம்மா வாசிச்சுக் காட்டத் தொடங்கினீங்க?" என்று நானும் திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் சிரிப்புதான் பதில். எழுத்துத் தெரியாத பிள்ளைக்குப் புத்தகம் எதற்கு என்கிற எண்ணம் நம்மை விட்டுப் போவதாயில்லை.

வீட்டில் "அவன் போயிட்டான்" என்கிறோம். புத்தகத்தில் "அவன் சென்றுவிட்டான்" என்றிருக்கிறது. நம் குமரி மாவட்டத்தில் விளவங்கோடு, கல்குளம் பக்கம் இந்த இடைவெளி இன்னும் கூடுதல். வீட்டில் தின்றது சக்கையும் மரச்சீனியும். பாடத்தில் வருவது பலாவும் மரவள்ளியும். ஒன்றாம் வகுப்பில் போய் உட்காரும் பிள்ளைக்கு எழுத்தும் புதிது, அந்த எழுத்துக்குள் இருக்கும் தமிழும் புதிது. மடியில் இருந்து கதை கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இரண்டாவது பாரம் கிடையாது. 'முன்னொரு காலத்தில்', 'ஆனாலும்', 'அதற்குள்' எல்லாம் ஏற்கெனவே காதில் விழுந்தவை. எழுத்துக் கூட்டும்போது பாதிச் சொல்லிலேயே மீதியைப் பிடித்துவிடும்.

கைக்குழந்தையிலிருந்தே வாசித்துக் காட்டும்படி மருத்துவர்களே பெற்றோருக்குச் சொல்ல வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகம் 2014-இல் அறிவித்தது. தொட்டில் பிள்ளையிடம் ஊர்க்கதை முழுக்கச் சொல்லும் நம் பாட்டிமாருக்கு இது ஒரு செய்தியே இல்லை!

வாசிக்கிற முறையை நாம் வில்லுப்பாட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். புலவர் கதை சொல்ல, பக்கத்தில் இருப்பவர் "ஆமா" போடுவார். இடையில் ஒரு கேள்வியும் கேட்பார். அதைச் சாக்காக வைத்துக் கதை கிளைவிடும். பிள்ளைக்கும் அப்படி ஆமா போட இடம் கொடுக்க வேண்டும்.

குளச்சல் பக்கம் ஒரு வீட்டில் பார்த்தேன். புத்தகத்தில் ஒரு படகுப் படம். நாலு வயதுப் பையன் அதில் விரலை வைத்து, "இதுல என்ஜின் எங்க?" என்றான். அப்பா கடல் தொழிலுக்குப் போகிறவர். "இது துடுப்பு போடுற வள்ளம் மக்ளே. உன் தாத்தா இப்படித்தான் போனாரு" என்றார். பையன் விடவில்லை. "காத்து அடிச்சா?" காற்று, பாய், தாத்தா, மீன் என்று பேச்சு போய்க்கொண்டே இருந்தது. அந்தப் பக்கத்தை அன்றைக்கு இருவரும் தாண்டவே இல்லை. நான் பார்த்ததில் மிக நல்ல வாசிப்பு அதுதான்.

வரிக்கு வரி நிறுத்தி, "இது என்ன எழுத்து? கதையில இருந்து என்ன தெரிஞ்சுக்கிட்ட?" என்று பரீட்சை வைக்கிறவர்களும் உண்டு. பிள்ளை எழுந்து ஓடிவிடும். ஓடட்டும், அதன் மேல் தப்பில்லை.

அதே புத்தகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கிறதே என்றால், அலுப்பு நமக்குத்தான். முதல் தடவை நழுவிய சொல் நாலாம் தடவையில்தான் பிள்ளைக்குப் பிடிபடும்.

விடியுமுன்னே ரப்பர் வெட்டப் போகிறவர்களுக்கு ராத்திரி கண் சொருகும், தெரியும். பத்து நிமிடம் போதும். யார் வாசித்தாலும் சரி. வாசிக்கத் தெரியாத பாட்டி படத்தைப் பார்த்துக் கதை கட்டலாம், பாட்டுச் சொல்லலாம். தேரூரில் பிறந்த கவிமணி பசுவையும் கன்றையும் பாடியது நம்மில் பலருக்கு இன்னும் மனப்பாடம்தானே?

புத்தகத்துக்குக் காசு வேண்டும் என்பார்கள். வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், அதிலேயே நூலக வரியும் சேர்ந்திருக்கும். 1948-இல் வந்த நூலகச் சட்டத்தின் ஏற்பாடு அது. காசைக் கட்டிவிட்டு நூலகத்துப் பக்கம் எட்டிப் பார்க்காமல் இருக்கிறோம். நாகர்கோவில் மாவட்ட மைய நூலகம் தூரம் என்றால் பக்கத்தில் உள்ள கிளை நூலகத்துக்குப் பிள்ளையைக் கூட்டிப் போங்கள். புத்தகத்தைப் பிள்ளையே எடுக்கட்டும்.

மூன்றாம் வகுப்பு வந்து தானாக வாசிக்கத் தொடங்கியதும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். அது வாசிப்பது சின்னப் புத்தகம். கேட்டுப் புரிந்துகொள்வது அதைவிடப் பெரிய கதை. அதனால் கொஞ்சம் நீளமான கதையாக எடுத்து, தினம் ஓர் அத்தியாயம் வாசியுங்கள். பிள்ளைக்குச் சின்னதாகிப்போன படப் புத்தகங்களை எடைக்குப் போடாதீர்கள். பக்கத்து அங்கன்வாடியில் கொடுங்கள். அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, ஒட்டிக்கொள்வார்கள்.